பழனிக்கு ஓர் இரவு கொடுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலப் பகுதிகளிலிருந்து தமிழ்நாட்டுக்கு யாத்திரைக் குழுக்களை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

நான் முள்ளியவளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்ற மாசி மாதம், 78 வயதான என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு உங்களில் ஒருவர் நடத்திய யாத்திரையில் போய்வந்தேன். எந்தக் குழு என்று எழுதப்போவதில்லை. அந்த மனிதர் எங்களை ஏமாற்றவில்லை. சொன்ன நாளில் கொண்டுபோனார், சொன்ன நாளில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார், சாப்பாட்டிலும் குறை வைக்கவில்லை. திரும்பி வந்தபின் வேறு மூன்று நான்கு குழுக்களின் பயண நிரலை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருந்தன. ஆகவே உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

பழனியில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டரை மணித்தியாலம்.

அந்த இரண்டரை மணித்தியாலத்துக்காக அம்மா எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்பதை முதலில் சொல்லவேண்டும். 2009 பங்குனியில், இறுதிப் போரின்போது, நாங்கள் முல்லைத்தீவுக் கரையோரம் மாத்தளனில் இருந்தோம். அம்மாவின் கூறைச்சேலையைக் கிழித்துத் தைத்த பைகளில் மணலை நிரப்பிப் பதுங்குகுழிக்கு அடுக்கியிருந்தோம். என் அக்காவின் மகனுக்கு அப்போது நான்கு வயது. வயிற்றில் செல் துண்டு பட்டு, காயக்காரரை ஏற்றிச் செல்லும் கப்பலில் அவனையும் அக்காவையும் அனுப்பினோம். கரையில் நின்றுகொண்டு அம்மா வைத்த நேர்த்தி இது: பிள்ளை உயிரோடு கிடைத்தால் பழனியில் என் தலைமுடியை இறக்குவேன், ஆண்டியாக நிற்கும் அந்தக் கோலத்தை ஒருமுறை கண்ணால் காண்பேன். பிள்ளை பிழைத்தான். இன்று வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். லீவில் வந்தால் வயலிலும் இறங்குகிறான். நேர்த்தி மட்டும் அப்படியே நின்றது. முகாமிலிருந்து மீண்டு, கொட்டில் போட்டு, வீடு கட்டி, கடன் அடைத்து, கடவுச்சீட்டு எடுத்து, ஒரு போக நெல் விற்ற காசைக் கையில் பிடிப்பதற்குள் இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன.

உங்கள் பஸ்களில் ஏறும் முதியவர்களில் பலரிடம் இப்படி ஒரு கதை இருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள். கேட்காவிட்டால் மடியில் முடிந்த காசைப் போல அதை மடியிலேயே வைத்துக்கொண்டு உங்களோடு வருவார்கள்.

அன்றைக்கு நாங்கள் பழனி அடிவாரத்தில் இறங்கியபோது பிற்பகல் 2.40. ஐந்து மணி பத்துக்கு பஸ் எடுக்கும், மதுரையில் நடை சாத்துவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள். அம்மா முதலில் முடி கொடுக்கவேண்டும் என்றார். அது விரைவாகவே முடிந்தது. தமிழ்நாட்டுக் கோயில்களில் முடி காணிக்கைக்கு 2021இலிருந்து கட்டணம் இல்லை. வெள்ளை முடி மடியில் விழ விழ, அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ரோப்கார் நிலையத்துக்குப் போனோம். அன்று மாதப் பராமரிப்பு நாள். ரோப்கார் ஓடவில்லை.

ஓடாததால் கூட்டம் முழுவதும் விஞ்சுக்கு, அதாவது மலைச்சரிவில் தண்டவாளத்தில் கம்பியால் இழுக்கப்படும் பெட்டிக்கு, திரும்பியிருந்தது. வரிசை கம்பித் தடுப்புகளுக்குள் வளைந்து வளைந்து வெளியே வந்து நின்றது. குறைந்தது இரண்டு மணித்தியாலம் ஆகும் என்று முன்னால் நின்றவர் சொன்னார். எங்கள் குழுவின் இளையவர்கள் படியில் ஓடினார்கள். ஏறத்தாழ 700 படிகள். அம்மாவின் முழங்கால் வீட்டு வாசற்படி மூன்றுக்கே இடம் கொடுக்காது.

புதுக்குடியிருப்புப் பக்கத்து அண்ணர் ஒருவர் வந்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறார். 1968இல் இந்தியாவில் உருவான அந்தச் செயற்கைக் கால், நம்மைப் போல வெறுங்காலோடு நடப்பவர்களையும் சப்பாணி கட்டி உட்காருபவர்களையும் மனத்தில் வைத்து வடிவமைத்தது. அதனால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணிந்து யானைப்பாதையில் ஏறத் தொடங்கினார். படிகளைவிட அந்தப் பாதை சாய்வானது, ஏறுவதற்கு இலகு. பாதி தூரம் போயிருப்பார். நேரத்தைப் பார்த்திருக்கிறார், இனி மேலே போனால் பஸ்ஸைப் பிடிக்க முடியாது என்று திரும்பி இறங்கி வந்துவிட்டார். வந்து ஒன்றும் பேசவில்லை. காலைக் கழற்றி, உறையை உதறி, தேய்ந்து சிவந்திருந்த இடத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

நானும் அம்மாவும் ஒரு பஞ்சாமிர்தக் கடையின் வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நீயாவது போய்வா என்று அம்மா இரண்டு முறை சொன்னார். அவரை அங்கே தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் தலைச் சந்தனம் காய்ந்து, வெடித்து, பொடிப்பொடியாகத் தோளில் உதிர்ந்தது. அம்மா மலை உச்சியைப் பார்த்துக் கைகூப்பியபடியே இருந்தார். பஸ் நகர்ந்தபோது ஒன்றுதான் சொன்னார். “முடியைக் கொடுத்துவிட்டேன் பிள்ளை. முகத்தைக் காணவில்லை.”

மறுநாள் ஒரு நகரத்தில் புடவைக்கடை வாசலில் எங்கள் பஸ் நான்கு மணித்தியாலம் நின்றது.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. சேலை வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. பேத்தியின் சாமத்தியத்துக்கு ஒரு சேலை எடுக்கவேண்டும் என்று வந்தவர்களும் எங்கள் பஸ்ஸில் இருந்தார்கள். ஆனால் கடைக்கு நான்கும் பழனிக்கு இரண்டரையும் என்று நிரல் போட்ட கை, யாத்திரை என்ற சொல்லைத் தலைப்பில் எழுதியிருக்கக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதில் எனக்கும் பங்கு உண்டு. திரும்பும் வழியில் நாகப்பட்டினத்தில் நாங்கள் தங்கிய விடுதிக்கு அறை கூட்டவந்த அம்மா, என் தாயின் மொட்டைத் தலையைப் பார்த்து விசாரித்தார். மலை ஏற முடியவில்லை என்றதும், “அதனால் என்னம்மா, ஆவினன்குடியில் கும்பிட்டிருப்பீர்களே” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவள் நான். ஆறுபடை வீடுகளைப் பிள்ளைகளுக்கு வரிசையாகச் சொல்லிக்கொடுத்தவள். நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் மூன்றாவதாகப் பாடுவது திருவாவினன்குடியை என்றும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தத் திருவாவினன்குடி மலைமேல் இல்லை, அடிவாரத்திலேயே தனிக்கோயிலாக இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மயில்மேல் அமர்ந்த குழந்தை வேலாயுதசுவாமி அங்கே இருக்கிறார். படி ஏறவேண்டியதில்லை, விஞ்ச் வேண்டியதில்லை. முதலில் ஆவினன்குடியில் கும்பிட்டுவிட்டு மலைக்குப் போவதுதான் அந்த ஊரின் வழமை. அவ்வளவு நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அம்மா, அந்த நேரத்தில் ஓர் ஆட்டோ பிடித்திருந்தால் மூன்றாம் படைவீட்டில் ஆற அமர நின்று முருகனைக் கண்டிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. உங்கள் ஆட்களுக்கும் தெரிந்திருக்கவில்லை, தமிழ் படித்த மகளுக்கும் தெரிந்திருக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. உங்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால் இதைக் கேட்பேன்: பழனியில் பஸ்ஸை நிறுத்தும்போது ஏற முடியாதவர்களைக் கைபிடித்து ஆவினன்குடிக்கு அழைத்துப் போங்கள்.

ஆனால் ஒன்றோடு நிறுத்தப்போவதில்லை. பழனிக்கு ஓர் இரவு வேண்டும். அது ஏன் என்று சொல்கிறேன்.

போகர் என்ற சித்தர் நவபாஷாணத்தால், அதாவது ஒன்பது வகைப் பாஷாணங்களைச் சேர்த்து, செய்தது என்று தலைமுறை தலைமுறையாக நம்பப்படும் அந்தத் திருமேனி, ஒரே நாளில் பல கோலங்களில் காட்சி தருகிறது. நம்முடைய பெண்கள் அழுதுகொண்டு பார்க்க விரும்பும் ஆண்டிக் கோலம் காலைக்கு உரியது. மாலையில் போனால் இராச அலங்காரம். அதுவும் அழகுதான், ஆனால் என் அம்மா வேண்டிக்கொண்டது தண்டோடும் கோவணத்தோடும் நின்ற பிள்ளையை. இரவில் மூலவருக்குச் சந்தனம் சாத்துவார்கள். அந்த இராக்காலச் சந்தனத்தைக் காலையில் களைந்து அடியவர்களுக்குக் கொடுப்பார்கள். நோய்க்கு மருந்தென்று அதை வாங்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். மாலையில் மலைமேல் தங்கத்தேர் உலா வருகிறது. மலைக்கோயிலின் தென்மேற்குப் பிரகாரத்தில் போகரின் சமாதி இருக்கிறது. பிற்பகலில் இறங்கி மாலைக்குள் புறப்படும் குழுவுக்கு இவற்றில் எது கிடைக்கும்? நெரிசலில் தள்ளப்பட்டு ஒரு கணம் தீப ஒளியில் எதையோ கண்டோம் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும். எங்கள் குழுவில் படியேறி மேலே போனவர்களில் பாதிப்பேர், என்ன அலங்காரம் என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றார்கள்.

எதிரே இன்னொரு மலை நிற்கிறது, இடும்பன் மலை. அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் தண்டின் இருபுறமும் கட்டித் தோளில் தூக்கிவந்த இடும்பன், இங்கே இறக்கி வைத்து இளைப்பாறினான், பிறகு அவற்றைத் தூக்க முடியவில்லை என்பது கதை. காவடி பிறந்த இடம் அது. எங்கள் ஊரில் செடில் குத்திக் காவடி எடுக்காத வீடு குறைவு. எங்கள் பஸ்ஸில் தோள் காய்த்துப்போன காவடிக்காரர் இருவர் வந்திருந்தார்கள். தாங்கள் சுமந்த காவடியின் ஊர் எதிரே நிற்கிறது என்று அவர்களுக்கு எவரும் கைகாட்டவில்லை. பஸ்ஸில் ஒலிவாங்கி இருந்தது. அதில் வழிநெடுகப் பக்திப்பாட்டுப் போட்டார்கள், பஸ் எடுக்கும் நேரம் சொன்னார்கள்.

தங்கிக் கும்பிடுவது வன்னி மக்களுக்குப் புதிதில்லை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு எங்கள் சனங்கள் எப்படிப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பாயும் பானையுமாகப் போய், மணலில் விரித்து, விடியும்வரை இருந்து வருவார்கள். கடல்நீரில் விளக்கு எரியும் அதிசயத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவைக் கடந்து போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம், வாரக்கணக்கில் காட்டு வழியே நடக்கிறார்கள். என் அப்பு, அதாவது அம்மாவின் தகப்பன், மன்னாரில் ஆட்களோடு சேர்ந்து தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கிப் பழனிக்குப் போனவர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்திய கதை. போய்த் திரும்ப ஒரு மாதம் ஆனதாம். பழனியில் மட்டும் எட்டு நாள் இருந்தாராம். அந்த எட்டு நாளைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார். எங்களுக்கு எட்டு நாள் வேண்டாம்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். சனங்களே கூடுதலான கோயில் கேட்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான். 22 கோயில் என்ற துண்டுப்பிரசுரமும் 14 கோயில் என்ற துண்டுப்பிரசுரமும் பக்கத்தில் இருந்தால் கை 22க்குத்தான் போகும், ஏனென்றால் வாழ்நாளில் ஒருமுறைதான் போகப்போகிறோம் என்ற எண்ணம். ஆனால் அந்தத் துண்டுப்பிரசுரத்தில் ஒவ்வொரு கோயிலிலும் எத்தனை மணித்தியாலம் என்று எங்கேயும் இல்லை. அதை அச்சிடுங்கள். பழனி, இரண்டரை மணித்தியாலம் என்று எழுதியிருந்தால் நான் அன்றைக்கே கேள்வி கேட்டிருப்பேன்.

கப்பல் நாள் எங்கள் கையில் இல்லை என்பீர்கள். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிய சேவை சில நாளிலேயே நின்று, 2024 ஓகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. அதன் சிரமம் புரிகிறது. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து 2022 டிசம்பர் முதல் சென்னைக்கு மறுபடியும் விமானம் பறக்கிறது, ஆனால் கட்டணம் எல்லோருக்கும் கட்டாது. கடலைக் கடக்கும் நாளை நீங்கள் மாற்ற முடியாது. அக்கரையில் எந்த ஊரில் எத்தனை மணிநேரம் என்பதை வகுப்பது நீங்கள்தான்.

தங்க அறை எடுத்தால் செலவு கூடும் என்பீர்கள். எப்படியும் ஓர் இரவு எங்கேயோ தங்கத்தானே செய்கிறோம். அன்று மதுரைக்கு ஓடிப்போய் நடை சாத்துவதற்குச் சற்று முன் அவசரமாகக் கும்பிட்டுவிட்டு, அங்கே விடுதியில் படுத்தோம். அதே இரவைப் பழனியில் படுத்திருந்தால் விடியற்காலையில் முதல் விஞ்சில் ஏறியிருக்கலாம். தேவஸ்தானத்துக்கே தங்கும் விடுதிகள் இருக்கின்றன. கோயிலில் நாள்முழுதும் அன்னதானம் நடக்கிறது. மதுரை 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான், காலையில் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்விடலாம்.

சில சின்ன விடயங்களையும் கவனிக்கவேண்டும். ரோப்கார் 2004இலிருந்து ஓடுகிறது, மாதம் ஒரு நாளும் ஆண்டுக்கொரு முறை பல நாட்கள் தொடர்ச்சியாகவும் பராமரிப்புக்கு நிறுத்துகிறார்கள். பலத்த காற்றடித்தாலும் நிற்கும். பராமரிப்பு நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுபவை, ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். நிரல் போடுவதற்கு முன் அந்த அழைப்பை எடுத்திருந்தால் எங்கள் குழு ஒரு நாள் முந்தியோ பிந்தியோ போயிருக்கும். தைப்பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் முதியவர்களோடு போகும் குழுக்கள் தவிர்க்கவேண்டும், அந்த நாட்களில் பாதயாத்திரைக் கூட்டத்தில் இளையவர்களே தத்தளிப்பார்கள். காலபோக அறுவடை முடிந்து காசு கையில் புழங்கும் மாசியில், கிழமை நாளாகப் பார்த்து வையுங்கள்.

2023 ஒக்டோபர் 1 முதல் மலைக்கோயிலில் கைத்தொலைபேசிக்கு அனுமதி இல்லை. நல்ல ஏற்பாடு, நான் வரவேற்கிறேன். ஆனால் அதைச் சொல்லாமல் அனுப்பினால் மேலே போனவர்கள் ஒருவரை ஒருவர் தேடித் திரிவார்கள். எங்கள் குழுவில் ஓர் ஆச்சி இறங்கும் வழி மாறி வேறு வாசலில் வந்து நின்று அழுதுகொண்டிருந்தார். பாத விநாயகர் கோயில் முன்னால் கூடுவோம் என்று இறங்கும்போதே சொல்லி வையுங்கள், அந்த இடத்தை விசாரித்தால் எவரும் காட்டுவார்கள். பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தானக் கடையில் வாங்கச் சொல்லுங்கள். விருப்பாச்சி மலைவாழைப்பழமும் சர்க்கரையும் நெய்யும் தேனும் ஏலமும் சேர்ந்த அந்தப் பிரசாதத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியே அதே பெயரில் பல டப்பாக்கள் விற்கிறார்கள். வீதியில் வலியவந்து திருநீறு பூசித் தட்டை நீட்டுபவர்களிடமும், சீக்கிரம் தரிசனம் காட்டுகிறேன் என்பவர்களிடமும் எங்கள் சனங்கள் கூச்சத்தால் காசு கொடுத்துவிடுகிறார்கள். பயணத்துக்கு முதல்நாள் ஊர்க்கோயில் மண்டபத்தில் எல்லோரையும் அரைமணி நேரம் உட்காரவைத்து இவற்றைச் சொன்னால் போதும். ஆள் இல்லை என்றால் நான் வந்து சொல்கிறேன். ஆவினன்குடி எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவேன்.

அந்தக் கூட்டத்திலேயே ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், என்ன நேர்த்தி, எந்தக் கோயிலில் என்று. ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றக் கோயில்களில் நேரம் குறைந்தாலும் அவரவர் நேர்த்திக்குரிய இடத்தில் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பஸ்ஸில் வந்த 41 பேரில் நான் பேச்சுக்கொடுத்துக் கேட்ட அளவில் ஒன்பது பேரின் நேர்த்தி பழனியில் இருந்தது.

அம்மாவின் முடி இப்போது இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறது. மறுபடியும் மொட்டை போடவேண்டியதில்லை, அந்தக் கடன் தீர்ந்துவிட்டது என்கிறார். முகம் பார்ப்பதுதான் பாக்கியாம். பேரனும் வருகிறேன் என்கிறான், படியில் தூக்கிக்கொண்டாவது போவானாம். புதுக்குடியிருப்பு அண்ணரும் இரண்டு முறை தொலைபேசி எடுத்து எப்போது போகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். வரும் மாசிக்கு உங்களில் யார் பழனியில் ஓர் இரவு தங்கும் நிரல் போடுகிறீர்களோ, அவர்களிடம் நான்கு பேருக்கு முற்பணம் கட்டக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
முள்ளியவளையிலிருந்து ஓர் ஆசிரியை